பெல் கிராண்ட் எவ்வளவு கிடைக்கும்? அமெரிக்கக் கல்லூரிகளின் தேவை அடிப்படை உதவித்தொகை கணக்காகும் விதம்

கல்லூரியிலிருந்து வரும் நிதியுதவிக் கடிதத்தில் நாலைந்து வரிகள் இருக்கும். பெல் கிராண்ட் இவ்வளவு, மாநில கிராண்ட் இவ்வளவு, கல்லூரி கிராண்ட் இவ்வளவு, கடன் இவ்வளவு. முதல்முறை பார்க்கும் குடும்பங்கள் இதை ஒரே கை எடுத்துக் கொடுத்த தொகையாக நினைத்துவிடுகின்றன. அப்படியல்ல. பெல் கிராண்ட் மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பணம். அது சுத்தமான கூட்டல் கழித்தல், யாருடைய தயவுக்கும் அதில் இடமில்லை. மாநில கிராண்டில் விதியோடு கெடு தேதியும் சேர்ந்துகொள்கிறது. கல்லூரி தன் கையிலிருந்து தருவது அதன் கொள்கையையும் பணவசதியையும் பொறுத்தது. எந்த வரி எப்படி வந்தது என்று புரிந்தால்தான் எங்கே போய்க் கேட்கலாம், எங்கே கேட்டுப் பயனில்லை என்று தெரியும்.

கீழே வரும் எண்கள் 2025-26 கல்வியாண்டுக்கானவை. வருமான வரம்புகள் ஆண்டுதோறும் நகரும். 2026 ஜூலையில் வந்த மாற்றங்களைக் கட்டுரையின் பிற்பகுதியில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

முதலில், தகுதி யாருக்கு?

மாணவர் பொதுவாக அமெரிக்கக் குடிமகனாகவோ, கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ, அகதியாகவோ, புகலிடம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். முதல் இளங்கலைப் பட்டத்தை இன்னும் முடிக்காதவராக இருக்க வேண்டும். முதுகலைக்குப் பெல் கிராண்ட் கிடையாது. எஃப்-1 (மாணவர் விசா), எச்-4 (எச்-1பி வேலை விசாவில் உள்ளவரின் குடும்பத்தாருக்கான விசா) ஆகியவற்றில் இருக்கும் மாணவருக்கு மத்திய அரசின் உதவி எதுவும் கிடைக்காது.

பார்க்கப்படுவது மாணவரின் குடியேற்ற நிலைதான், பெற்றோருடையது அல்ல. அப்பா எச்-1பி, அம்மா எச்-4, பிள்ளை அமெரிக்காவில் பிறந்தவர் என்றால் பிள்ளைக்கு முழுத் தகுதி உண்டு. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரும் விண்ணப்பத் தளத்தில் கணக்குத் தொடங்கலாம். ‘நமக்கு விசாதானே, நம் பிள்ளைக்கு எங்கே தரப்போகிறார்கள்’ என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. தயவுசெய்து அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

படி 1: யாருடைய வருமானம் கணக்கில் வரும்?

விண்ணப்பத்தின் பெயர் ஃபாஃப்சா. கட்டணம் கிடையாது. வழக்கமாக அக்டோபர் 1ஆம் தேதி, அடுத்த கல்வியாண்டுக்காகத் திறக்கும்.

மாணவர் பெற்றோரைச் சார்ந்தவரா, தனித்து நிற்பவரா என்பதை ஃபாஃப்சா தன் கேள்விகளை வைத்தே தீர்மானிக்கிறது. அந்தக் கல்வியாண்டின் இடையில் வரும் ஜனவரி 1ஆம் தேதிக்குள் 24 வயது நிறைந்தவர், திருமணமானவர், தன் பிள்ளையைத் தானே பராமரிப்பவர், முன்னாள் ராணுவத்தினர், 13 வயதுக்குப் பின் பெற்றோர் இருவரையும் இழந்தவர் அல்லது வளர்ப்பு இல்லத்தில் இருந்தவர் ஆகியோர் தனித்து நிற்பவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் சார்ந்தவர்கள்தான். வேறு வீட்டில் வாடகைக்கு இருப்பதோ, சொந்தமாகச் சம்பாதிப்பதோ, அப்பா பணம் தர மறுப்பதோ இதை மாற்றாது.

பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், கடந்த 12 மாதங்களில் மாணவருக்கு அதிகம் செலவு செய்தவர்தான் ஃபாஃப்சாவில் வருவார். அவர் மறுமணம் செய்திருந்தால் புதிய துணையின் வருமானமும் சேரும்.

கணக்கில் வரும் வருமானம் இந்த ஆண்டுடையது அல்ல. 2025-26க்கு 2023ஆம் ஆண்டின் வரிக்கணக்கு, 2026-27க்கு 2024ஆம் ஆண்டுடையது. இரண்டு ஆண்டு பின்தங்கிய இந்தக் கணக்கால்தான், இப்போது வேலை போன குடும்பத்துக்கும் பழைய நல்ல சம்பளத்தை வைத்தே தொகை முடிவாகிறது. அதைச் சரிசெய்ய வழி உண்டு. படி 6இல் வருகிறது.

படி 2: விண்ணப்பத்தில் சிக்கும் இடங்கள்

மாணவருக்கு ஒரு கணக்கு, பெற்றோருக்குத் தனிக் கணக்கு. ஒருவர் மற்றவருடைய கணக்கில் நுழைந்து கையெழுத்துப் போடக் கூடாது. பெற்றோர் இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் ஒருவர் போதும். தனித்தனியாகத் தாக்கல் செய்திருந்தால் இருவரும் தனித்தனியாக நுழைந்து கையெழுத்திட வேண்டும்.

பெயர், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் குடும்பங்களில் இது உண்மையான தொல்லை. அப்பா பெயர் ஓரிடத்தில் முதற்பெயராகவும், இன்னோரிடத்தில் குடும்பப் பெயராகவும், மூன்றாவது இடத்தில் வெறும் இனிஷியலாகவும் இருக்கும். பொருந்தாவிட்டால் கணக்கு சரிபார்க்கப்படாமல் நிற்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்பாதீர்கள், அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒப்புதல். வருமான வரித் துறையிலிருந்து வரிக்கணக்கை நேரடியாக எடுத்துக்கொள்ள மாணவர், பெற்றோர் எல்லோரும் ஒப்புதல் தர வேண்டும். வரியே கட்டாதவரும் தர வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கணக்கீடு நடக்காது, மத்திய அரசின் கிராண்டும் கடனும் அத்தனையும் நின்றுவிடும்.

ஒரே விண்ணப்பத்தில் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். அவற்றின் வரிசை மத்திய அரசின் கணக்கில் எந்த வித்தியாசமும் செய்யாது.

படி 3: எஸ்ஏஐ என்னும் எண்

விண்ணப்பம் முடிந்ததும் ஒரு எண் வரும். அதன் பெயர் எஸ்ஏஐ, மாணவர் உதவிக் குறியீட்டெண். 2024-25க்கு முன்பு இருந்த இஎஃப்சி என்ற எண்ணுக்குப் பதிலாக வந்தது. இது நீங்கள் கட்டப்போகும் தொகை அல்ல. எவ்வளவு குறைவோ அவ்வளவு தேவை அதிகம் என்று பொருள். கழித்தல் 1,500 வரைகூட இறங்கும்.

இந்த எண்ணில் நான்கு ஓடைகள் கலக்கின்றன: பெற்றோரின் வருமானம், பெற்றோரின் சொத்து, மாணவரின் வருமானம், மாணவரின் சொத்து. நான்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

பெற்றோரின் வருமானத்திலிருந்து மத்திய வருமான வரி, சோஷியல் செக்யூரிட்டி மற்றும் மெடிகேர் பிடித்தம், குடும்பத்தின் ஆள் எண்ணிக்கைக்கேற்ற வாழ்க்கைச் செலவுக் கழிவு ஆகியவை போகும். மிஞ்சியதோடு சொத்தின் நிகர மதிப்பில் 12 விழுக்காட்டைக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகையில் 22 முதல் 47 விழுக்காடு வரை, படிப்படியாக ஏறும் விகிதத்தில், எஸ்ஏஐயில் சேரும்.

மாணவரின் வருமானத்துக்கு 11,510 டாலர் வரை கழிவு உண்டு, வரிகள் தனியாகக் கழியும். அதற்கு மேல் இருப்பதில் பாதி எஸ்ஏஐயில் ஏறும். நிதியுதவியின் பகுதியாகத் தரப்படும் வொர்க்-ஸ்டடி வேலையில் வந்த சம்பளம் இதில் சேராது. மாணவரின் சொத்தில் 20 விழுக்காடு அப்படியே ஏறும்.

10,000 டாலர் சேமிப்பு இருக்கிறது என்று வையுங்கள். அது மாணவர் பெயரில் இருந்தால் எஸ்ஏஐ 2,000 ஏறும். பெற்றோர் பெயரில் இருந்தால் முதலில் 12 விழுக்காடு, அதாவது 1,200. அதில் 22 முதல் 47 விழுக்காடு, அதாவது 264 முதல் 564 வரை மட்டுமே ஏறும். பணம் ஒன்றுதான், யார் பெயரில் இருக்கிறது என்பதால் இவ்வளவு வேறுபாடு. பிள்ளை பெயரில் தொடங்கிய யுடிஎம்ஏ கணக்குகள் மாணவர் சொத்தாகவே எண்ணப்படும். கல்விக்கான 529 கணக்கு அப்படியில்லை. சார்ந்திருக்கும் மாணவர் பெயரிலேயே இருந்தாலும் அது பெற்றோர் சொத்துதான். தாத்தா பாட்டி வைத்திருக்கும் 529 கணக்கு ஃபாஃப்சாவில் வரவே வராது.

சொத்து என்றால் என்னென்ன? குடியிருக்கும் வீடு, 401கே, ஐஆர்ஏ போன்ற ஓய்வூதியக் கணக்குகள், ஆயுள் காப்பீடு, ஓட்டும் கார் ஆகியவற்றைக் காட்ட வேண்டியதில்லை. வங்கி இருப்பு, பங்குகள், மியூச்சுவல் ஃபண்டு, குடியிருக்காத வீடு, காலி மனை ஆகியவற்றைக் காட்ட வேண்டும். இவை எந்த நாட்டில் இருந்தாலும் காட்ட வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ உங்கள் பெயரில் உள்ள மனை, வாடகைக்கு விட்ட வீடு, வங்கியில் போட்ட வைப்புத்தொகை எல்லாம் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளின் மதிப்பில், கடன் போக, டாலரில் சேர்க்கப்பட வேண்டியவை. உங்கள் பெற்றோர் பெயரில் இருக்கும் பூர்வீக நிலம் உங்கள் சொத்து ஆகாது. ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கு இந்தச் சூத்திரத்தில் கழிவும் கிடையாது.

எல்லோரிடமும் சொத்து கேட்கப்படுவதில்லை. பெற்றோரின் ஏஜிஐ, அதாவது வரிப் படிவத்தில் வரும் சரிசெய்யப்பட்ட மொத்த வருமானம், 60,000 டாலருக்குக் கீழே இருந்து, வரிக்கணக்கும் எளியதாக இருந்தால் சொத்துக் கேள்வி தாண்டிப் போய்விடும். உணவு உதவியான ஸ்நாப், மருத்துவ உதவியான மெடிக்கெய்ட் போன்றவற்றைப் பெறும் குடும்பங்களுக்கும் அப்படியே.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, 401கே இருப்பை முதலீட்டுக் கட்டத்தில் எழுதிவிடுவது. 2 லட்சம் டாலரை அப்படி எழுதினால் 24,000 டாலர் கூடுதல் வருமானம் போலக் கணக்காகி, எஸ்ஏஐ குறைந்தது 5,000 டாலருக்கு மேல் எகிறிவிடும். இரண்டு, வேலை மாறும்போது பழைய ஓய்வூதியக் கணக்கிலிருந்து புதியதற்கு மாற்றிய பணம். வரிப் படிவத்தில் அது வருமானம்போலத் தோன்றும். அது வெறும் மாற்றல்தான் என்று ஃபாஃப்சாவில் தனியாகக் குறிக்காவிட்டால் வருமானமாகவே சேர்ந்துவிடும்.

2024-25 முதல் வந்த இன்னொரு மாற்றம் பல வீடுகளைக் கடித்திருக்கிறது. முன்பு இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் பெற்றோர் பங்கு இரண்டாகப் பிரியும். இப்போது மத்திய அரசின் கணக்கில் பிரிவதில்லை. அந்த எண்ணிக்கையைத் தங்கள் சொந்தப் பணத்துக்குக் கணக்கில் எடுக்கும் கல்லூரிகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

படி 4: பெல் கிராண்டின் மூன்று வாசல்கள்

2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர், குறைந்தபட்சம் 740 டாலர். மூன்று வாசல்களை வரிசையாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் வாசல் முழுத்தொகை. பெற்றோர் வரி தாக்கல் செய்ய வேண்டாத அளவு வருமானம் உள்ளவர்கள் என்றால் முழுத்தொகை. தாக்கல் செய்தவர்களில், பெற்றோர் இருவரும் உள்ள குடும்பத்துக்கு ஏஜிஐ வறுமைக்கோட்டு அளவின் 175 விழுக்காட்டுக்குள், ஒற்றைப் பெற்றோருக்கு 225 விழுக்காட்டுக்குள் இருந்தால் முழுத்தொகை. 2023இன் வறுமைக்கோட்டு அளவு நான்கு பேர் குடும்பத்துக்கு 30,000 டாலர், மூன்று பேருக்கு 24,860. ஆக, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வரம்பு 52,500. அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு 55,935. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் அளவு சற்றுக் கூடுதல்.

இரண்டாம் வாசல் கழித்தல். 7,395இலிருந்து எஸ்ஏஐயைக் கழியுங்கள், 5 டாலருக்கு முழுமையாக்குங்கள். விடை 740 அல்லது அதற்கு மேல் வந்தால் அதுவே உங்கள் பெல் கிராண்ட்.

மூன்றாம் வாசல் குறைந்தபட்சம். கழித்த விடை 740க்குக் கீழே போனால், மீண்டும் ஏஜிஐயைப் பார்ப்பார்கள். சார்ந்த மாணவருக்கு, பெற்றோர் இருவர் என்றால் வறுமைக்கோட்டு அளவின் 275 விழுக்காடு, ஒற்றைப் பெற்றோர் என்றால் 325 விழுக்காடு வரை 740 டாலர் கிடைக்கும். தனித்து நிற்கும் மாணவர்களில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இந்த வரம்பு இன்னும் உயரம்: 350, ஒற்றைப் பெற்றோரானால் 400.

நான்கு பேர் கொண்ட, பெற்றோர் இருவரும் உள்ள குடும்பத்தை வைத்து ஓட்டிப் பார்ப்போம். ஏஜிஐ 50,000 என்றால் முதல் வாசலிலேயே 7,395. ஏஜிஐ 70,000, எஸ்ஏஐ 3,120 என்றால் இரண்டாம் வாசலில் 4,275. ஏஜிஐ 80,000, எஸ்ஏஐ 7,000 என்றால் கழித்தலில் 395தான் வருகிறது, ஆனால் 80,000 என்பது 275 விழுக்காடான 82,500க்குள் இருப்பதால் 740. அதே எஸ்ஏஐ 7,000, ஏஜிஐ மட்டும் 90,000 என்றால் ஒன்றுமில்லை.

படி 5: எத்தனை கிரெடிட் எடுக்கிறீர்கள்?

மேலே வந்தது ஓர் ஆண்டு முழுநேரம் படித்தால் வரும் தொகை. செமஸ்டருக்குப் பாதி. முழுநேரம் என்பது செமஸ்டருக்கு 12 கிரெடிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு). அதற்குக் குறைந்தால் தொகையும் அந்த விகிதத்தில் குறையும்: 11 என்றால் 92 விழுக்காடு, 9 என்றால் 75, 7 என்றால் 58, 6 என்றால் 50. முழு பெல் கிராண்ட் உள்ளவருக்கு ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்கு ஏறத்தாழ 3,697 டாலர், 9 கிரெடிட்டுக்கு ஏறத்தாழ 2,773. 15 எடுத்தாலும் 12க்குரியதே வரும்.

செமஸ்டர் தொடங்கிச் சில வாரங்களில் கல்லூரி ஒரு நாளைக் குறித்து, அன்று பதிவில் இருக்கும் கிரெடிட்டை எண்ணும். அதற்குள் ஒரு பாடத்தை விட்டால் கிராண்ட் குறையும். பட்டத்துக்குத் தேவைப்படாத பாடத்தின் கிரெடிட் எண்ணிக்கையில் சேராது என்பதையும் கவனியுங்கள். கோடைக்காலத்திலும் படித்தால் ஆண்டுத் தொகையில் 150 விழுக்காடு வரை பெறலாம். ஆனால் வாழ்நாள் மொத்தம் 600 விழுக்காடு, அதாவது முழுநேரமாக ஆறு ஆண்டு. முதல் பட்டத்தில் சுற்றித் திரிந்து இதைச் செலவழித்துவிட்டால் திரும்ப வராது.

மற்ற பணம்: மாநிலமும் கல்லூரியும்

கல்லூரி ஒவ்வொன்றும் ஓர் ஆண்டின் மொத்தச் செலவைக் கணக்கிட்டு வெளியிடும். படிப்புக் கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து, சொந்தச் செலவு எல்லாம் சேர்ந்தது. அதில் எஸ்ஏஐயைக் கழித்தால் வருவதுதான் உங்கள் ‘தேவை’. எஸ்ஏஐ கழித்தல் எண்ணாக இருந்தால் இங்கே பூஜ்யமாகவே எடுப்பார்கள்.

மொத்தச் செலவு 32,000, எஸ்ஏஐ 3,120 என்றால் தேவை 28,880. அதற்கு பெல் 4,275, மாநிலம் 3,000, கல்லூரி 6,000 தந்தால் 13,275 ஆகிறது. 15,605 பாக்கி. இந்தப் பாக்கியை யாரும் நிரப்பியே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லை. ‘தேவை முழுவதையும் தீர்ப்போம்’ என்று வெளிப்படையாக அறிவித்த கல்லூரிகள் சில உண்டு. பெரும்பாலானவை அப்படி அறிவிப்பதில்லை. சார்ந்த மாணவருக்கு முதலாண்டு மத்தியக் கடன் 5,500 டாலர் வரைதான். அதையும் எடுத்தால்கூட 10,105 டாலர் தேவை நிரம்பாமல் நிற்கும். எஸ்ஏஐயான 3,120ஐயும் சேர்த்தால் மேலே சொன்ன குடும்பம் 13,225 டாலருக்கு வழி பார்க்க வேண்டும்.

மிகத் தேவையுள்ள மாணவர்களுக்குக் கல்லூரி வழியாகப் போகும் எஃப்எஸ்இஓஜி என்ற மத்திய கிராண்ட், ஆண்டுக்கு 100 முதல் 4,000 டாலர் வரை. கல்லூரிக்கு ஒதுக்கிய தொகை தீர்ந்தால் தீர்ந்ததுதான், அதனால் முந்துபவருக்கே.

மாநிலங்களின் கணக்கு வேறு. கலிபோர்னியாவின் கேல் கிராண்டுக்கு வருமான உச்சவரம்போடு மதிப்பெண் சராசரியும் சேரும். வழக்கமான கெடு மார்ச் 2. நியூயார்க்கின் டேப் உதவி எஸ்ஏஐயைப் பார்ப்பதில்லை, மாநில வரிக்குரிய வருமானத்தைப் பார்க்கிறது. அதற்குத் தனி விண்ணப்பமும் உண்டு. மத்திய அரசின் கெடு கல்வியாண்டு முடியும் ஜூன் 30 வரை நீளும். அதை நம்பி மாநிலக் கெடுவைத் தவறவிடுவது மிகப் பெரிய இழப்பு.

தனியார் கல்லூரிகள் பல, தங்கள் சொந்தப் பணத்தைப் பங்கிட சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற இன்னொரு விண்ணப்பத்தையும் கேட்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. ஏஜிஐ 1 லட்சம் டாலர் வரையுள்ள குடும்பத்து இளங்கலை மாணவருக்கு இலவசம். இது ஃபாஃப்சாவைவிட ஆழமாகத் தோண்டும். குடியிருக்கும் வீட்டின் மதிப்பும், பிரிந்து போன மற்ற பெற்றோரின் வருமானமும்கூட இதில் வரலாம். மருத்துவச் செலவு, ஊரிலுள்ள முதியோரைப் பராமரிப்பது போன்றவற்றை எழுதவும் இதில் இடமுண்டு. தயங்காமல், தொகையோடு எழுதுங்கள். எஃப்-1, எச்-4 மாணவர்களுக்கு உதவி தரும் கல்லூரிகளும் பெரும்பாலும் இந்த வழியாகவே பார்க்கின்றன.

கல்லூரி கிராண்ட் வந்தால் ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்: நான்கு ஆண்டும் இதே அளவு வருமா, எந்த நிபந்தனையில்? முதலாண்டில் தாராளமாகத் தந்து பிறகு குறைக்கும் இடங்கள் உண்டு. வெளியிலிருந்து உதவித்தொகை கிடைத்தால் கல்லூரி தன் கிராண்டைக் குறைக்கலாம். முதலில் கடனையும் வொர்க்-ஸ்டடியையும் குறைத்துவிட்டு, கடைசியாகக் கிராண்டைத் தொடும்படி கேளுங்கள். ஒப்புக்கொள்ளும் அலுவலகங்கள் இருக்கின்றன.

படி 6: நிலைமை மாறிவிட்டால்

வேலை போனது, சம்பளம் குறைந்தது, விவாகரத்து, மரணம், காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவு. இவற்றில் எது நடந்தாலும் ஃபாஃப்சாவில் போய் வருமானத்தைத் திருத்தக் கூடாது. அதில் வரிக்கணக்கில் உள்ளதுதான் இருக்க வேண்டும். கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள். சட்டம் அவர்களுக்கு, தனித்தனியாகப் பார்த்து, ஆவணத்தின் பேரில், எஸ்ஏஐக்கான தரவை மாற்றும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. பெல் கிராண்டைக் கூட்ட மனிதக் கை நுழையும் ஒரே இடம் இதுதான்.

கடிதம் ஒரு பக்கம் போதும். என்ன நடந்தது, எந்தத் தேதியில், 2023இல் எவ்வளவு வந்தது, இப்போது 12 மாதத்தில் எவ்வளவு வரும் என்று எண்ணோடு சொல்லுங்கள். பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையின்மை உதவி விவரம், மருத்துவ ரசீது ஆகியவற்றை இணையுங்கள். கிரெடிட் கார்டு கடன், கார் தவணை, வீட்டு வழக்கச் செலவு ஆகியவற்றை ஏற்கமாட்டார்கள். ஒரு கல்லூரி ஏற்றது இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது, ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத வேண்டும். அவர்கள் முடிவை எதிர்த்து மத்திய கல்வித் துறையிடம் முறையிடவும் வழியில்லை. அதனால் முதல் கடிதத்திலேயே முழு ஆவணமும் இருக்கட்டும்.

2026 ஜூலை 1 முதல் மாறியவை

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் 2026-27 முதல் சிலவற்றை மாற்றியது. எஸ்ஏஐ, பெல் உச்சத்தொகையின் இரண்டு மடங்கை எட்டினால், மூன்றாம் வாசலும் அடைபடும்; உச்சம் 7,395 என்றால் அந்த எல்லை 14,790. மத்திய அரசு அல்லாத கிராண்டுகளே மொத்தச் செலவையும் ஈடுகட்டிவிட்டால் பெல் கிடையாது. வெளிநாட்டில் சம்பாதித்து அமெரிக்க வரியிலிருந்து விலக்குப் பெற்ற வருமானமும் பெல் தகுதிக்கு ஏஜிஐயோடு கூட்டப்படும். அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல செய்தியும் உண்டு: குடும்பம் வசித்து நடத்தும் பண்ணையும், 100 முழுநேர ஊழியர் வரையுள்ள குடும்பத் தொழிலும் மீண்டும் சொத்துக் கணக்கிலிருந்து விலகின.

பணம் வந்த பிறகு

கல்லூரி சரிபார்ப்புக்கு உங்களைத் தேர்ந்தெடுத்து ஆவணம் கேட்டால், அது குற்றச்சாட்டு அல்ல. கேட்டதைக் கொடுக்கும் வரை பணம் வராது, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டும் கிராண்ட் வர, கல்லூரி வைத்திருக்கும் படிப்பு முன்னேற்ற அளவைத் தொட வேண்டும். பொதுவாக 2.0 சராசரியும், எடுத்த கிரெடிட்டில் 67 விழுக்காடு முடித்திருப்பதும். ஃபாஃப்சாவும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நிரப்ப வேண்டும்.

செமஸ்டரின் 60 விழுக்காடு நாள்கள் கடப்பதற்குள் எல்லாப் பாடத்தையும் விட்டு விலகினால், கிராண்டில் ஒரு பகுதியைத் திருப்பிக் கணக்கிடுவார்கள். கல்லூரி தன் பங்கை அரசுக்குத் திருப்பிவிட்டு, அந்தக் கட்டணத்தை உங்களிடம் கேட்கும். உடல்நலமோ குடும்பச் சூழலோ விலகச் சொன்னால், விலகல் படிவத்தில் கையெழுத்திடும் முன் நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள்: இன்றே விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், 60 விழுக்காட்டு நாள் எந்தத் தேதி?